களி அறுக்கும் நூல்

வெனெத்தோ, 4 நவம்பர் 1906

வணக்கத்திற்குரிய அம்மா,

நான் நலம், தங்கள் மூட்டுவலி தணிந்ததா?

எங்கள் மனநோய் விடுதியின் இயக்குநரும் நரம்பியல் அறிஞருமான டாக்டர் பெர்தோல்டி நோயாளிகளின் கைவிலங்குகளை அகற்றிவிட்டார். அதற்காக அவரைப் பதவி நீக்கலாமா என்று மாகாண சபை, சட்டச் செயலரான என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறது.

நேற்று மதிய உணவில் எர்சீலியா என்னும் நோயாளி, கரண்டியால் சிதைத்த சோளக்களியைத் தள்ளிவிட்டாள்.

"நாய்க்கா போடுறீங்க? களிய நூலாலதான்யா அறுக்கணும்!"

டாக்டர் சமையலறையிலிருந்து ஒரு நூலை எடுத்து வந்தார். நோயாளி கையில் நூல் படக் கூடாது என்ற விதியை நினைவூட்டினேன்.

"விதிக்குப் பசிக்காது வக்கீலே, அவளுக்குப் பசிக்குது" என்று டாக்டர் நூலை அவளிடம் கொடுத்தார்.

அவள் எஞ்சிய களியை மேசையிலிருந்த பதினெட்டுப் பேருக்கும் ஒரே அளவாக அறுத்தாள். பிறகு நூலைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

"பூட்டி வைங்க வக்கீலய்யா. இங்க பைத்தியங்க நடமாட்டம் ஜாஸ்தி!"

நானும் சிரித்துவிட்டேன், அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. இயக்குநர் தொடர வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் வேலைக்கு ஆபத்து வராது என்றே கருதுகிறேன்.

தாங்கள் களி அறுக்கும் நூலில் ஒரு முழம் அனுப்புங்கள். என் அறையில் களியைக் கத்தியால்தான் வெட்டுகிறேன். இன்னும் நம் இருவருக்கான அளவில்தான் கிண்டத் தெரிகிறது.

தபால்காரர் காத்திருக்கிறார்.

தங்கள் மகன்,
ஒத்தாவியோ