தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன்

மீனாட்சிபுரம்,
அக்டோபர் 9, வியாழக்கிழமை.

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு உன் அம்மா செல்லாத்தாள் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போனது, எழுதவில்லை. உன் அப்பா இருக்கிறார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், காபியில் சர்க்கரை இல்லை என்று தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் முன்னறையில் படுத்திருக்கிற உன் அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். தொழுவத்துக்குப் போய் நின்று பேசலாம் என்றால், நீ இந்த இரண்டு மாதமாக இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. வேலை இருக்கிறது என்கிறாய், சிக்னல் இல்லை என்கிறாய். நம் பால் சொசைட்டி செயலாளர் மகன் அழகுமலை சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே வறுத்த நிலக்கடலை ஒரு பொட்டலம் இருக்கும். கடலையை எல்லோருமாகச் சேர்ந்து தின்னுங்கள். கடிதத்தை மட்டும் நீ தனியாக உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தி. செவலை போன வாரம் கன்று போட்டது, கிடாரி. பாப்பா வைத்த பெயரையே வைக்கச் சொன்னாயே, அது என் வாயில் நுழையவில்லை. சின்னச் செவலை என்றுதான் கூப்பிடுகிறேன். மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்து ராமாத்தாளின் பெரிய மாட்டுக்கு மடிவீக்கம் என்று நேற்று வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. எந்த வீட்டு மாட்டுக்கு மடி சுட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் அந்தப் பெருமையில் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன் என்பது உனக்குத் தெரியும். இப்போது போக மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா திங்கள், புதன், வெள்ளி சித்தூர் ஆசுபத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். விடியும் முன் ஆட்டோவில் கிளம்பினால் மத்தியானம் திரும்புகிறோம். வந்தவுடன் படுத்தால் சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. மறுநாள் கொஞ்சம் தெம்பு வரும், அதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துவந்த காலத்தில் இந்தச் சிரமம் இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்துப் பையில் வடித்துவிட்டால், கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையை அந்தத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. நடுவில் வரப்பு வரைக்கும் போவார், பால் கேனோடு சொசைட்டிக்குப் போய் அரைமணி நேரம் அரசியல் பேசிவிட்டு வருவார். இரண்டு வருஷம் அப்படி இருந்தவர்தான்.

கிருமி பிடித்ததால் குழாயை எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, வயிறு நன்றாக ஆறிவிட்டது, மறுபடி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் இந்த மாதக் கடைசியில் வைப்பார்களாம். உன் அப்பாதான் மாட்டேன் என்கிறார். காரணம் கேட்டதற்கு, "மறுக்கா ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ள தாங்கமாட்டா. நான் சித்தூருக்கே போயிட்டு வந்துக்கறேன், உடு" என்றார். நாலு நாளாக அதே பதில். உடம்பு இந்தப் போக்குவரத்தை எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கும் தெரியும்.

அனு, அந்த ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஊருக்குக் கிளம்பும் முன்தினம் சாயங்காலம் நீதான் பை மாற்றினாய். ஆசுபத்திரி ஜிபி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கழுவினாய், முகமூடி கட்டினாய், கதவைச் சாத்தினாய். காற்றோடு கிருமி வரும் என்று அவள் நிறுத்தச் சொன்ன ஃபேனை மட்டும் மறந்துவிட்டாய். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் நீ போனில் அழுதுகொண்டே, "ஃபேன் ஓடிட்டே இருந்துச்சுங்கம்மா, என்னாலதான் ஆச்சு" என்றாய். அழாதே கண்ணு என்று மட்டும் சொன்னேன். அது உன்னால் ஆகவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அன்று மத்தியானப் பையை மாற்றியது நான். வடித்த பையைத் தினசரி காலண்டர் தாளின்மேல் வைத்துப் பார்ப்பேன். தண்ணீருக்கு அடியில் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் வாசிக்க முடிந்தால் சரி. எழுத்து மங்கினால் கிருமி இருக்கலாம். அன்று எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் மங்கல்தான். நீ அப்போது உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அதாவது நீ ஃபேனை மறந்ததற்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே தண்ணீர் கலங்கியிருந்தது.

சாயங்காலம் நீ வடித்த பையைக் கீழே தட்டத்திலிருந்து நான்தான் தூக்கினேன். அதுவும் கலங்கல்தான். மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். நீ முகமூடியைக்கூடக் கழற்றாமல், "தெளிவா இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டாய். தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன். கொண்டுபோய்த் தென்னை மரத்து அடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

ஏன் சொன்னேன் என்றால், அடுத்த நாள் காலையில் உனக்கு விமானம். மூன்று வருஷம் கழித்து வந்திருந்தாய், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. கலங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ பெட்டியை அவிழ்த்துவிடுவாய். நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மாட்டின் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்ப்போம் அல்லவா, பால் திரிதிரியாக வந்தால் அந்தக் காம்பைத் தரையில் கறந்துவிட்டு ஒரு வேளை பொறுப்போம். பாதிக்குப் பாதி அடுத்த கறவையில் தெளிந்துவிடும். முப்பது வருஷமாக அப்படிச் செய்தே பழகின கை. அடுத்த பையில் தெளிந்துவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உன் அப்பாவை மாட்டைப் போல நினைத்துவிட்டேன். மாட்டைப் போல நினைத்திருந்தாலாவது தேவலை. மாடு ஒரு வாய் தவிடு குறைத்துத் தின்றால் எனக்குத் தெரிந்துவிடும். அவர் அன்று காலையில் ஒன்றரை இட்லியோடு எழுந்தார், மத்தியானம் ரசத்தை மட்டும் குடித்தார். மகள் ஊருக்குப் போகிற வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும் என்று விட்டுவிட்டேன்.

நெற்றியைத் தொட்டும் பார்த்தேன். சூடு இல்லை. அதுவும் எப்போது தொட்டேன் தெரியுமா, சுடுதண்ணீரில் மடி கழுவிக் கறந்துவிட்டு வந்த கையோடு. அந்தக் கைக்கு எந்த நெற்றியும் குளுமையாகத்தான் இருக்கும். ஜிபி சிஸ்டர் கம்பம்மெட்டுக்காரி, மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். ஆசுபத்திரியில் என்னைப் பார்த்து, "சேச்சி, இவங்களுக்குக் காய்ச்சல் வராமலே உள்ளே பழுக்கும். கலங்கலைக் கண்டா அப்பவே போன் விளிக்கணும்னு நான் எத்தனை தடவை பறைஞ்சேன்" என்று கேட்டாள். அவள் திட்டக்கூட இல்லை.

நீ விடிகாலை நாலு மணிக்குப் போனாய். ஆறு மணிப் பை அரிசி கழுவின தண்ணீராக வந்தது. அப்போதாவது கூப்பிட்டிருக்க வேண்டும். நீ விமானம் ஏறியிருக்கமாட்டாய், தெரிந்தால் கோயமுத்தூரிலிருந்தே திரும்பிவிடுவாய் என்று பதினொரு மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம் எடுத்த பிறகுதான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். முந்தின நாளே பையோடு வந்திருந்தால் மருந்தை அந்தத் தண்ணீரிலேயே கலந்துவிட்டுச் சரிசெய்யப் பார்த்திருக்கலாம், குழாயும் தப்பியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கிருமி எங்கிருந்து வந்தது என்று சிஸ்டரைக் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள். என் கைவெடிப்பிலிருந்து வந்திருக்கலாம், காற்றிலிருந்து வந்திருக்கலாம். உன் ஃபேனிலிருந்து வரவில்லை. அது மட்டும் நிச்சயம். அந்த ஃபேனுக்குப் பின்னால் நான் இரண்டு மாதமாக ஒளிந்துகொண்டிருந்தேன். நீ அழுதபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெற்ற மகள் தன்னைத்தானே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் ஊருக்கு முன்னால் உடைந்துவிடுமே என்று பயந்தேன், அனு. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

நேற்று சித்தூரிலிருந்து வந்து அவர் படுத்திருந்தபோது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் காலையிலயே எனக்கு வவுறு இழுத்துப் புடிச்சுதுடி. புள்ள போற நேரத்துல எதுக்குன்னு வாயத் தொறக்கல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க என்று கத்திவிட்டேன். ராமாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் நான்தான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அப்படிப் பிடித்தவர் இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், வரவேண்டியதுதான். பேசவேண்டாம் என்று தோன்றினால் என்னோடு பேசாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கூப்பிட்டுக் குழாய் வைத்துக்கொள்ளச் சொல். நான் சொல்லி நடக்காது, டாக்டர் சொல்லியும் நடக்கவில்லை. நீ அழாமல் சொல்ல வேண்டும். நீ பயந்துபோயிருக்கிறாய் என்று தெரிந்தால் அவர் மறுபடியும் மாட்டேன் என்பார். லீவு கிடைக்கிறபோது வா. வந்து பழையபடி உன் கையாலேயே பை மாற்று. அவர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

இனிமேல் போன் செய்யும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று எங்களைக் கேட்காதே. உன்னிடம் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்வோம், எங்கள் இரண்டு பேருக்கும் வேறு சொல்லத் தெரியாது. எத்தனை இட்லி தின்றார் என்று கேள். குழாய் போகிற இடத்தில் சிவந்திருக்கிறதா, தொட்டால் நோகிறதா என்று கேள். வீடியோவில் பையைத் தூக்கிக் காட்டச் சொல்லி உன் கண்ணால் பார். தெளிவாக இருக்கிறது என்று நான் சொன்னால் நம்பாதே, கண்ணு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
செல்லாத்தாள்.