மூன்று தட்டு முட்டைகள்

மார்ச் 3
புது லேபில் ஆறாவது வாரம். தொட்டியில் வளர்க்கும் மென்பவளம், கல் கூடு இல்லாத பவளம், இன்னும் முட்டை விடவில்லை. வருஷத்துக்கு ஒரே தடவைதான் விடும். "இந்தத் தடவையும் நீந்துற குஞ்சு, லார்வா, வரலைன்னா அறையைப் பூட்டிடுவாங்க" என்றார் லேபை நடத்தும் மேடம், பேனாவை மூடிக்கொண்டே. அவருக்கு வளர்ந்த பவளம்தான் தெரியும். முட்டை என் பொறுப்பு. ஏழு வருஷம் கல்பவளம் பார்த்தவள் என்று நம்பி எடுத்திருக்கிறார்.

மார்ச் 6
விட்டுவிட்டது! இரவில்தான் விடும்; விளக்கை வைத்து இரவையும் பகலையும் மாற்றியிருந்ததால் காலை பத்து மணிக்கே. விந்து கலந்து நான்கு தட்டுகளில் பிரித்தேன். கல்பவள முட்டை இரண்டு மணி நேரத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். இவை மூன்று மணி நேரமாகியும் அப்படியே உருண்டையாக. கருவுறாத முட்டை அழுகினால் எல்லாம் நாசம், உடனே கொட்டிவிடு என்றுதான் பழகியிருக்கிறேன். மூன்று தட்டை ப்ளீச்சில் கொட்டினேன். நாலாவதை எடுக்கும்போது தொட்டிகளில் உப்பு அளக்கும் உப்பண்ணன் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் — எட்டு. இரண்டும் இல்லை, நாலும் இல்லை, நேரே எட்டுத் துண்டு.

அப்போ அந்த மூணு தட்டு?

அதே நாள், மாலை
புத்தகத்தில் இருக்கிறது. சில மென்பவளங்களில் உள்ளே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரேயடியாகப் பிளக்கும். உயிரோடு இருந்ததையா கொட்டினேன்?

பதிவேட்டில் எழுதினேன்: "தட்டு 1, 2, 3 மூன்று மணி நேரமாகியும் பிரியவில்லை. கருவுறவில்லை, கொட்டியாயிற்று."

மார்ச் 7
கருக்கள் கசங்கிப்போய்க் கிடக்கின்றன. சாகின்றனவா, இதுவும் இவற்றின் வழக்கமா? தொடவே பயம். மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டாலே பகீர் என்கிறது. "ஒரு தட்டாவது தேறிச்சே, உன் கைராசிதான்" என்றார். இந்தக் கையையா சொல்றாங்க?

மார்ச் 9
லார்வாக்கள் நீந்துகின்றன. அறை பிழைத்தது.
உப்பண்ணன்: "என்னம்மா, இழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?"

மார்ச் 12
வேறு மூன்று லேபுகளுக்கு அனுப்ப மேடம் செய்முறைக் குறிப்பு தயாரித்திருக்கிறார். அங்கெல்லாம் இந்த வாரம் முட்டை விடும். ஐந்தாவது வரி என் பதிவேட்டைப் பார்த்து எழுதியது: "மூன்று மணி நேரத்தில் பிரியாத முட்டைகளைக் கொட்டிவிடவும்."

"அனுப்பிடவா?"

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கேயும் ப்ளீச் இருக்கும்.

"வேணாம் மேடம். பொய் எழுதிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

மார்ச் 13
ஐந்தாவது வரியை நானே மாற்றினேன்: "ஆறு மணி நேரம்வரை எதையும் கொட்ட வேண்டாம். நான் மூன்று தட்டு உயிருள்ள முட்டைகளைக் கொட்டிவிட்டேன்." கீழே என் பெயர். அறைச் சாவியை மேடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 15
ஒரு லேபிலிருந்து பதில் வந்திருக்கிறது. "கொட்டத்தான் தட்டைக் கையில் எடுத்தோம். உங்கள் வரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தோம். இப்போது எட்டு."