ஆறாவது பிரிவு

பிப்ரவரி 11

காலை முழுக்கத் தொகுதி அலுவலகம். குடிநீர்க் குழாய், முதியோர் உதவித்தொகை, மாமியார் மருமகள் சண்டை, எல்லாம் என் மேசைக்குத்தான். மத்தியானம் அக்கா வந்தாள். வீட்டு வேலை செய்வோர் சங்கத்தின் தலைவி. கூடப் பிறந்தவள் இல்லை. முதல் தேர்தலிலிருந்து என்னோடு வீடு வீடாகப் படி ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள். வீட்டு வேலை செய்வோருக்காக நான் சட்டசபையில் கொண்டுவரும் மசோதாவைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஆறாவது பிரிவில் நின்றாள். முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர்களுக்கானது அது: விடுமுறை நாளில் வெளியே போகும் உரிமை, புகார் வந்தால் அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம்.

"இது ஒண்ணு போதும்டி. மத்ததெல்லாம் சும்மா."

பிப்ரவரி 26

கட்சிக் கொறடா கூப்பிட்டார். "நம்ம ஆளுங்க வீட்டுலயே அப்படித் தங்கி வேலை பாக்குறாங்கம்மா. அதிகாரி வந்து கதவைத் தட்டுவான்னா எவன் ஓட்டுப் போடுவான்? ஆறாவத எடுத்துடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முடியாது என்று அங்கேயே ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 27

எடுத்துவிட்டேன்.

மார்ச் 5

மசோதா நிறைவேறியது. மேசைகளைத் தட்டினார்கள். அடுத்த கூட்டத்தொடரில் ஆறாவதைத் திருத்தமாகக் கொண்டுவரலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அடுத்த தடவன்னு அவங்கதான நம்மகிட்ட சொல்லுவாங்க? இப்ப நீயும் சொல்ற."

டீயைத் தொடாமல் போய்விட்டாள். சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "ஜெயிச்சுட்டு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார். இவருக்கு எல்லாமே மேட்ச்.

ஜூலை 19

மாதக்கணக்கில் பேசாதவள், அக்கா, போன் செய்தாள். பூங்காவுக்கு எதிரே அடுக்குமாடி. வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜன்னலில் நின்று கத்துகிறாளாம். தொழிலாளர் அதிகாரியைப் பிடித்தேன். பணிவாகத்தான் பேசினார்.

"உள்ள போக எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. உங்க சட்டத்துல அது இல்லீங்களே."

போலீஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் அந்தப் பெண் புடவைகளை முடிந்து மூன்றாம் மாடியிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

நானே போயிருக்கலாம்ல? போய்க் கதவ உடைச்சிருந்தா யாரு என்ன பண்ணியிருப்பாங்க? போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே — ச்சே.

ஜூலை 22

ஆஸ்பத்திரி. அந்தப் பெண்ணின் அம்மா என் கையை விடவே இல்லை. "எங்களுக்காகச் சட்டம் போட்டவங்க நீங்கதானாமே?" என்றாள். நான் சொட்டும் குளுக்கோஸையே பார்த்தேன். கட்டிலின் மறுபக்கம் அக்கா நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30

ஆறாவதைத் திருத்தமாகக் கொடுத்திருந்தேன். "தேர்தல் வருதும்மா" என்றார் கொறடா. வரிசையில் கடைசியில் போட்டார்கள். அதன் முறை வருவதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது.

நவம்பர் 8

கட்சி மறுபடி எனக்கே சீட்டுக் கொடுத்தது. எதிரே சுயேச்சையாக நிற்பது அக்கா. இவர் கொதிக்கிறார். எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 14

தோற்றேன். வாக்கு எண்ணும் இடத்து வாசலில் அவளைப் பார்த்து, "வாழ்த்துகள்க்கா" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றாள். காருக்குள் வந்துதான் அழுதேன்.

மார்ச் 21

அவைக்குப் போனேன், பார்வையாளர் மாடத்துக்கு. புது ஆட்சிக்கு ஒரே ஓட்டு குறைகிறதாம். அக்கா தன் ஆதரவுக்கு ஈடாக ஆறாவது பிரிவைக் கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதானா? அன்று எங்கள் கட்சி ஆட்சியும் நூலிழையில்தான் நின்றது; என் ஓட்டும் தேவைப்பட்டதே. எனக்கு ஏன் தோன்றவில்லை?

கட்டைக் குரலில், தடுமாறித்தான் பேசினாள். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லலாம் என்றார் சபாநாயகர். கீழே குரல்கள் எழுந்தன.

நானும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காவலர் குனிந்து, "அம்மா, இங்க உக்காந்து சொல்லக் கூடாதுங்க" என்றார்.