மூடியில் ஒரு துளை

ஜூன் 3, செவ்வாய்

கீழ்வீட்டில் துணி தைக்கும் பெண், டெய்லர், இன்று என்னிடம் பேசினார். "கண்ணாடிக்காரரே, மழைத்தண்ணி பீப்பாய் நிறையத் தண்ணி இருக்கு. குழாயைத் திறந்தா சொட்டுது. கடைசிப் பாத்தியில தக்காளி வாடுது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்தது மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துவது. தண்ணீரைக் குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கடைக்குப் போய் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

உயரத்திலிருந்து வந்தால்தான் வேகம் என்று கடை முதலாளி சொன்னார். பீப்பாயைக் காலி செய்து, செங்கல் அடுக்கி மேலே ஏற்றினேன். டெய்லர் ஒரு பக்கம் பிடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, சிரிப்பு போகவில்லை. "வீட்டுல ஒரு வாளி தூக்க மாட்டே," என்றாள் மாடியிலிருந்து அக்கா.

ஜூன் 7, சனி

கொட்டோ கொட்டென்று மழை. மூடியைத் திறந்து வைத்தோம். நிரம்பியதும் இறுக மூடினேன். நாளைக்குப் பாருங்கள் என்றேன். யாரைக் கேட்டு இப்படி வாய்விடுகிறேன்?

ஜூன் 8, ஞாயிறு

மானம் போச்சு. திறந்ததும் சீறிக்கொண்டு வந்தது, டெய்லர் கைகூடத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இளைத்து, விக்கி, நின்னே போச்சு. ஹோஸை உதறினேன், ஊதினேன் – ம்ஹூம். தக்காளி இலை எல்லாம் தொங்கிப்போயிருக்கு.

"பரவாயில்ல, குடத்துல மொண்டு ஊத்திக்கிறேன்," என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை. நாள் முழுக்க மிஷின் மிதித்த காலோடு குடம் தூக்குவதா?

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கடைசிப் பாத்தியில் ஹோஸோடு நின்றவர், "வருது," என்றார். மூடினேன். "நின்னுடுச்சு." திறந்தேன். "வருது. நீங்க எட்டிப் பாத்தாத்தான் வருது. அங்கேயே நில்லுங்க, நான் பாய்ச்சி முடிச்சுடறேன்."

நின்றேன். சந்தோஷமாகத்தான் நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. அக்காவுக்குக் கொசு என்றால் பயம் என்று, மூடிக்கு ரப்பர் வளையம் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்தவனே நான்தான். வில்லைக்கும் பிரேமுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. தண்ணீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டாமா?

ஜூன் 10, செவ்வாய்

வில்லைக்குத் துளை போடும் மிஷினில் மூடிக்குத் துளை போட்டேன். முதலாளி பார்க்கவில்லை. கொசு நுழையாதபடி டெய்லர் அதன்மேல் வலைத்துணி வெட்டி ஒட்டினார். தண்ணீர் கடைசிப் பாத்தி வரை ஓடியது! இருவருக்கும் கணுக்கால் வரை சேறு. மாடிப்படி ஏறினதே தெரியல.

ஜூன் 13, வெள்ளி

தண்ணீர் பிரமாதமாக வருகிறது. நான் இல்லாமலே. இதை யோசிக்கவில்லையே, மடையா. சீக்கிரம் பாய்ச்சி முடித்து உள்ளே போய்விடுகிறார். என்னைக் கூப்பிட இனி என்ன காரணம் இருக்கிறது? நன்றாகச் சரிசெய்து தொலைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் கீழிருந்து குரல். "கண்ணாடிக்காரரே, திரும்பவும் சொட்டுது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

இரண்டிரண்டு படியாக இறங்கினேன். மூடியில் வலையைப் பதமாகப் பிரித்து, துளைக்குள் நீலத் துணி திணித்திருந்தது. நேற்று ஜன்னலருகே அவள் தைத்துக்கொண்டிருந்த அதே நீலம். கொசு துணி திணிக்காது.

திரும்பினேன். அவள் தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு தெரியுதா?"

"தெரியல. இன்னிக்குள்ள முடியாது போல."

"அப்ப டீ போடறேன்."

இத்தனை நாள் மரியாதையாக ‘அவர்’ என்று எழுதியவன், இன்று அவள் என்றே எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

துணியை எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, தக்காளிக்கு இருவருமாகக் குடத்தில் மொண்டு ஊற்றினோம்.