யோபின் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள்

அக்கா,

பச்சை மிளகு வாசம் காலையிலேயே சன்னல் வழியாக வந்துவிட்டது. பறித்த கொத்துகளை உங்கள் மகள் வாசலில் குவித்திருக்கிறாள். வழக்கமாக இந்த வாசம் வந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடான உங்கள் வீட்டுக்கு ஓடி வருவேன். இன்று கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அவள் என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். "அம்மா கேட்ட கதையாமுங்களே, நானும் படிச்சுப் பாக்குறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். கடைசி அத்தியாயத்தைத் தவிர.

போன மாசியில் இதே வாசலில் உட்கார்ந்துதான் வாசித்துக் காட்டினேன். நீங்கள் கொத்துகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மிளகை உதிர்ப்பீர்கள். எங்கள் வேதத்தில் யோபு என்று ஒரு நல்ல மனிதர், ஒரே நாளில் ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழக்கிறார், உடம்பெல்லாம் புண்ணாகிறது, ஆனாலும் கடவுளை விடவில்லை என்று சொன்னேன். அவர் மனைவிக்கு அதில் பெயர்கூடக் கிடையாது, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து அதற்கும் திட்டு வாங்குகிறாள், அவள் கதையைத்தான் எழுதுகிறேன் என்றேன். நீங்கள் யோபை விட்டுவிட்டு, ஆறுதல் சொல்ல வந்த அவருடைய மூன்று சிநேகிதர்களைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"மூணு பேரும் பேசிக்கிட்டே இருந்தானுங்களே நர்சம்மா, ஒருத்தனாச்சும் ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தானா? அந்தப் புண்ணையெல்லாம் கழுவி உட்டது யாரு?"

வேதம் படித்தே வளர்ந்தவள் நான். எனக்கு ஒரு நாளும் தோன்றாத கேள்வி அது. அன்றைக்கு ராத்திரியே ஒரு அத்தியாயத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்தது, பத்துப் பிள்ளைகளும் திரும்பப் பிறந்தார்கள் என்று சொன்னபோது உங்கள் கை நின்றுவிட்டது.

"அதே புள்ளைங்களா?"

"இல்லக்கா, வேற பிள்ளைங்க."

"அப்புறம் எப்படிங்க 'திரும்ப'ங்கறீங்க?"

எனக்கு உடனே என் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், வீடு வீடாகக் குடும்ப விவரம் எழுதிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு நடந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "ரெண்டுங்க" என்றீர்கள். ரெண்டு என்று எழுதிவிட்டு வயது கேட்டால், மூத்தவள் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றீர்கள். நான் அதை அடித்து ஒன்று என்று எழுதினேன்.

"எதுக்குங்க அடிச்சீங்க?"

"இப்ப இருக்கற பிள்ளைங்களைத்தான் இதுல எழுதணும்க்கா."

"அப்ப பெத்ததை எதுலங்க எழுதுவீங்க?"

அந்தக் கேள்வியில்தான் நாம் சிநேகிதமானோம் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு நாள் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் மிச்சத்தையும் சொன்னீர்கள். சின்னவள் பிறந்ததும் ஊரே கூடி, போனவளுக்குப் பதிலாக வந்துவிட்டாள், இனி அழாதே என்றதாம். "பதிலுக்கு வந்தவன்னு இவ காதுல உழுந்துறக் கூடாதுங்க நர்சம்மா. இது உங்களோட இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

என்னோடு இருக்கவில்லை அக்கா. அப்படியே தூக்கிக் கடைசி அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். யோபின் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். போன பத்துக்குப் பதிலாகப் பத்து வந்துவிட்டதே என்கிறார்கள். இப்போது உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்கள். அவள், "இருபது" என்கிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

ஆடியிலேயே எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன். கேட்டதும் கண்டுபிடித்துவிடுவீர்களே என்ற பயம். ஐப்பசி மழையில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். மார்கழியில் புத்தகம் வந்தது.

அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் சபையின் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "வேதத்தில் இல்லாததை எழுத நீ யாரம்மா?" என்று குரல்பதிவு அனுப்பினார். யோபின் மனைவிக்காக முதல்முறையாக அழுதேன் என்று முகம் தெரியாத ஒரு பெண் எழுதினாள். நன்றிகெட்டவள் என்றார்கள் சிலர், அவளையா என்னையா என்று தெரியவில்லை. போதகர் தன்மையாகத்தான் கேட்டார்: "சிஸ்டர், சிலருக்கு இடறலா, மனசுக்கு உறுத்தலா இருக்கு. அடுத்த பதிப்புல கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துடலாமா?" வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் போட்டுப் பேசப் போகிறார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தக் கூட்டத்தைவிட, உங்கள் மகள் புத்தகத்தோடு போன இந்த ஒரு ராத்திரிக்குத்தான் அதிகம் பயந்தேன்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. உங்கள் மகள்தான். கையில் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இது எங்கம்மாதானுங்களே?"

"ஆமா கண்ணு."

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?"

"கடைசி அத்தியாயத்தைக் காட்டலை. பயந்துட்டேன்."

"காட்டியிருக்கோணுமுங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "போனவளுக்குப் பதிலா வந்தவன்னு ஊர்ல எல்லாரும் எங்காதுபடவே சொல்லுவாங்க. அதைக் கேட்டுத்தான் நான் வளந்தேன். அம்மா வாயத் தொறக்கவே மாட்டாங்க. அதனால அம்மாவும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்கன்னு இத்தனை வருசமா இருந்துட்டேன். இதுல அந்தம்மா இருபதுங்குதே! அப்ப எங்கம்மாவுக்கு நான் ரெண்டாவது புள்ளைங்க. பதிலுக்கு வந்தவ இல்லீங்க."

நாங்கள் இருவரும் அழுதோம். அவள்தான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, மொளகு உதுக்கோணும். நீங்க அந்தக் கடைசியை வாய்விட்டுப் படிங்க" என்றாள். உங்கள் இடத்தில் அவள் உட்கார்ந்து தேய்க்க, உங்கள் வாசலில் அதை வாசித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வார்களோ, தெரியவில்லை. அத்தியாயத்தை எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லப் போகிறேன்.

இந்த வாரமும் பதிவேட்டோடு வீடுகளுக்குப் போனேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்கிறேன். உடனே பேனாவை மூடுவதில்லை அக்கா. இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.