கழுத்தைத் தொட மறுத்த கை

முகத்துக்கென்று ஓர் ஓட்டை வெட்டிய அந்த மேசையை நேற்று மறுபடியும் பார்த்தேன். உறையை மாற்றியிருக்கிறார்கள். அப்போது பச்சை, இப்போது நீலம். ஆனால் அறைக் கதவைத் திறந்ததும் வந்த வாசனை மாறவில்லை. தைலமும் அப்போதுதான் துடைத்த தரையும் கலந்த வாசனை. அதை நான் எப்போதும் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துதான் முகர்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் உள்ளே போனவர் நீர். நேற்று உள்ளே போகவேண்டியவன் நான்.

இதை உமக்கு எழுதுவதில் அர்த்தம் உண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீரும் சிரிப்பீர்தான். ஆனால் உம் சிரிப்பு எனக்குப் பழகியது.

நம்மைச் சேர்த்துவைத்தது ஒற்றைத் தலைவலி. பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம் என்றாலும், நீர் பௌதிகம், நான் தாவரவியல். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி. என் துறையில் உலர்செடித் தாள்களை அடுக்கிவைக்கும் இருட்டறை ஒன்று உண்டு. இடது கண்ணோரம் வெளிச்சம் ரம்பப் பல்லாகத் தெரியத் தொடங்கியதும் நான் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அது என் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த மறைவிடம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வாந்தியை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருவே அது? கதவைச் சாத்தும். வெளிச்சம் ஊசியாக் குத்துது.”

ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தீர். நானும் எதிர்மூலையில் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்து மணி அடித்தது. அந்த மணிச் சத்தத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டோம். நீர் சிரித்தீர். சிரித்ததும் வலி கூடி, “அய்யோ” என்றீர். அதிலிருந்து நாம் நண்பர்கள்.

சுபாவத்தில் நமக்குள் ஒற்றுமையே இல்லை. நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். மாத்திரையை விழுங்குவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படித்து அதில் எழுதியிருக்கிற எல்லாப் பக்கவிளைவையும் அன்று மாலையே என் உடம்பில் கண்டுபிடிக்கிறவன். நீரோ சேரன்மகாதேவியில் கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர் காலால் தடவினால் சுளுக்கு விடும் என்று நம் பக்கத்தில் நம்பிக்கை. அதனால் சிறுவயதிலிருந்தே உம் வீட்டுக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தபடி இருப்பார்களாம். கல்லூரிக்கும் அந்தப் புகழ் வந்து சேர்ந்துவிட்டது. ஆசிரியர் அறையில் மேசைகளை ஒதுக்கி, பேராசிரியர்கள் குப்புறப் படுக்க, நீர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இடதுகாலால் அவர்கள் முதுகை நீவிவிட்ட காட்சியை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

“பௌதிகத்துல இதுக்கு ஒரு விதியும் கெடயாதுவே,” என்று பிறகு என்னிடம் சொன்னீர். “ஆனா வலிக்குன்னு வாறவனை வெறுங்கையா அனுப்ப முடியுமா? பைய ஒரு மிதி. அவனுக்கும் திருப்தி, எனக்கும் பழைய கடுப்பு தீரும். அந்தப் பிரின்சிபாலை நல்லா மிதிச்சேன் பாத்தீரா?”

ஓய்வு பெற்ற பின்பும் தலைவலி நமக்கு ஓய்வு தரவில்லை. மாத்திரை உம் வயிற்றைப் புண்ணாக்கியது. அப்போதுதான் ஒரு பெண் வண்ணார்பேட்டையில் கைரோபிராக்டிக் நிலையம் திறந்தாள். வெளிநாட்டில் படித்தவள், நம் இருவருக்கும் மகள் வயது. முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே சீர்செய்வது, மருந்து கிடையாது. ஊரில் அதற்குச் ‘சொடக்கு ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“போய்ப் பாப்பமா?” என்றீர்.

“கழுத்துவே!” என்றேன். “மூளைக்குப் போற ரத்தமெல்லாம் அங்கனதான் போவுது. ஏதாச்சும் பிசகிட்டுன்னா?”

“பிசகிட்டுன்னா தலைவலி மொத்தமா தீந்துபோவும். நீரு கூட வாரும், போதும்.”

கூட வந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தேன். நீர் அந்தப் பெண்ணிடம் ஏதாவது கேலி பேசிக்கொண்டே உள்ளே போவீர். கதவு சாத்தப்படும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு ‘மளுக்’ என்று ஒரு சத்தம். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தாற்போல. அந்தச் சத்தத்துக்கும் உம் சிரிப்புச் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். நீர் வெளியே வந்து, “என்னவே, ஒமக்குத்தான் கழுத்தைத் திருப்புன மாதிரி மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?” என்பீர்.

வலி வருவது குறைந்தது என்றீர். எனக்குச் சந்தேகம் இருந்தது. அதே காலத்தில் நீர் காப்பியை விட்டிருந்தீர், நேரத்தில் தூங்கினீர், காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தீர். எது பலன் தந்தது என்று எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டேன். “பரிசோதனைக்கு நான் என்ன தவளையாவே? மாத்திரை பொட்டி தொறக்காம கெடக்கு. அது போதும்,” என்றீர். எனக்குப் போதவில்லை. நான் மாத்திரையோடுதான் இருந்தேன்.

ஆனால் நான் இப்போது நினைப்பது அந்தக் கதவை அல்ல, சேரன்மகாதேவி ஆற்றங்கரையை.

உம் பழைய மாணவன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தவில் சத்தமும், மண்டபத்து வாசலில் தெறித்த வெயிலும் சேர்ந்து என்னைச் சாய்த்துவிட்டன. பந்திக்குக் கூப்பிடுகிற நேரத்தில் நீர் என்னைக் கைத்தாங்கலாக ஆற்றுக்குக் கூட்டிவந்து மருதமர நிழலில் உட்காரவைத்தீர். தண்ணீரில் பட்டு வெளிச்சம் கண்ணுக்குள் உடைந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எதையும் மறக்காத நான், அன்று மறந்திருந்தேன். அந்த வலியில் எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. படித்தவன் எண்ணமா அது? ஆனால் தோன்றியது. நீர் கால் முன்னால் வந்து பிறந்தவர். அந்தப் பெண்ணின் கைப்பக்குவமும் உம் கழுத்துக்குத் தெரியும். அப்படியானால் நீரே செய்யலாமே?

“நீரே திருப்பிவிடும்வே,” என்று கெஞ்சினேன். “அந்தப் பிள்ள செய்யுத மாதிரி. ஒரு தடவை. என்ன ஆனாலும் சரி.”

நீர் பின்னால் வந்து நின்றீர். உம் விரல்கள் என் பிடரியைத் தொட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் உணர்ந்தேன், விரல்கள் நடுங்குகின்றன. கையை எடுத்துவிட்டீர்.

“முதுகுன்னா மிதிப்பேன். கழுத்து முடியாதுவே.”

“ஒவ்வொரு தடவையும் பாக்கீருல்லா, அவ எப்படிச் செய்யுதான்னு?”

“எங்க பாக்கேன்? கண்ண இறுக்க மூடிக்கிட்டுல்லா கெடக்கேன்.” என் முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தீர். அப்படி ஒரு முகத்தை உம்மிடம் நான் பார்த்ததில்லை. “பயம்வே. ஒவ்வொரு தடவையும் அவ கை தாடையில பட்டதும் எந்திச்சு ஓடிரலாம்னு தோணும். வெளிய நீரு இருக்கீருன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன். எதாச்சும்னா நீரு ஓடிவருவீருல்லா?”

“எனக்கே காலு நடுங்குமேவே.”

“நடுங்கிக்கிட்டே வாரும். ஆளு வந்தாச் சரி.”

பிறகு துண்டை ஆற்றில் நனைத்து என் கண்மேல் போட்டீர். வெயில் சாயும்வரை கூட இருந்தீர். கல்யாணச் சாப்பாடு நம் இருவருக்கும் போயிற்று. வலி குறைந்து நான் எழுந்தபோது, “இங்க பேசுனது ஆத்தோட போவட்டும், என்ன?” என்றீர். சரி என்றேன்.

நீர் போனது ஒரு ஆடி மாதத்துக் காலையில், வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபோது. நான் வந்து சேர்ந்தபோது உம்மைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற உம் எதிர்வீட்டு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “சொடக்கு எடுக்கப் போவாருல்லா. அங்கன நரம்பு எதையோ திருப்பிட்டாவன்னு பேசிக்கிடுதாவ.” நீர் கடைசியாக அங்கே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. காரியம் முடிந்த பிறகு உம்மைப் பார்த்துவந்த இதய மருத்துவரிடம் போய்க் காத்திருந்து கேட்டேன். மாரடைப்பு, பழைய அடைப்பு இருந்தது, கழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார். என் அறிவு ஒப்புக்கொண்டது. என் கழுத்து ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பேருந்து சட்டென்று நின்றால்கூடப் பிடரியைப் பிடித்துக்கொள்கிறேன். முடிதிருத்துகிறவரிடம் உட்காரும்போதே, “கழுத்தைத் தொடாதீங்க,” என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் என் சிறுநீரகம் கெட்டுவருவதாகப் பரிசோதனையில் தெரிந்தது. வலி மாத்திரை இனி ஒன்றுகூடக் கூடாது என்றுவிட்டார்கள். வலி வராமல் தடுக்க வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அது தலையைச் சுற்றவைத்துக் குளியலறையில் என்னைத் தள்ளியது. கையில் மருந்து இல்லாமல் அடுத்த வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எப்படி என்று உமக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணோரம் எது மின்னினாலும், பாத்திரத்தின் விளிம்பில் வெயில் பட்டாலும், வந்துவிட்டதோ என்று உடம்பு சில்லிடுகிறது. பெங்களூரிலிருந்து வந்த என் மகள் இதைப் பார்த்துவிட்டு, என்னைக் கேளாமல் அந்த நிலையத்தில் நேரம் வாங்கிவிட்டாள். என் மருத்துவரிடமும் கேட்டாள். “போகலாம். ஆனா எலும்புப் படம் எடுத்துட்டுப் போங்க. கழுத்தை வெடுக்குன்னு திருப்ப மட்டும் விடாதீங்க,” என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் வீடுவரை சுமந்துவந்தேன்.

நேற்று அந்தப் பெண் படத்தை விளக்கில் வைத்து நிதானமாகப் பார்த்தாள். நாக்குக் குழறியதுண்டா, கை மரத்ததுண்டா, இந்த வலி பழைய வலி மாதிரியேதானா என்றெல்லாம் கேட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். “தலைவலி நின்னுரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் சார். சிலருக்குக் கொறையுது, சிலருக்கு ஒண்ணும் ஆகலை,” என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

குப்புறப் படுத்தேன். ஓட்டைக்குள் முகத்தை வைத்தேன். கீழே தரையும், அவள் செருப்பின் நுனியும் மட்டும் தெரிந்தன. இத்தனை காலம் நீர் பார்த்தது இதைத்தானா என்று நினைத்தேன். பிறகு நினைவுவந்தது. நீர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தீர். வெளியே என் மகள் தொலைபேசியில் யாரிடமோ அலுவலகக் காரியம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் விரல்கள் பிடரியில் பட்டன. எழுந்து ஓடிவிடலாம் என்றால் உடம்பு அசையவில்லை. எப்படியோ தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

“பயமா இருக்கும்மா.”

கை உடனே விலகியது. செருப்பு நுனிகள் நகர்ந்தன. அவள் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் என் காதருகே கேட்டது.

“கழுத்தைத் திருப்பப் போறதில்ல சார். ஒங்க வயசுக்கும் இந்த எலும்புக்கும் அது வேண்டாம். தோளையும் மேல்முதுகையும் பைய அமுக்குதேன், அவ்வளவுதான். வேண்டாம்னா ஒரு விரலை அசைங்க, நிறுத்திருதேன்.”

அப்படியே செய்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. நடுவில் இரண்டு தடவை விரலை அசைத்தேன். இரண்டு தடவையும் நிறுத்தினாள். கடைசியில் எழுந்து உட்கார்ந்தபோது அவளிடம் கேட்டேன்: “சேரன்மகாதேவிக்காரர் ஒருத்தர் இங்க வருவாரு. ஞாபகம் இருக்கா?”

“அந்த சாரா? சிரிச்சுக்கிட்டே வருவாரே!” என்றாள். “ஒருதடவை, ‘தலையத் திருகி எடுத்துராத தாயி, பென்ஷன் வாங்கக் கையெழுத்துப் போட ஆளு வேணும்’னாரு. பயம்னா என்னன்னே தெரியாதவரு சார் அவரு.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

இன்று காலை தோள் கொஞ்சம் இளகியிருக்கிறது. தலைவலி வரவில்லை. வராததற்கு இது காரணமா என்று தெரியாது. நாளைக்கே வரலாம். அடுத்த வாரம் மறுபடி வரச்சொல்லியிருக்கிறாள். அதற்குள் மகள் பெங்களூர் போய்விடுவாள். வெளியே நாற்காலி காலியாக இருக்கும்.

அவருக்கும் பயம்தானம்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமோ என்று நேற்று வீடு வரும்வரை யோசித்தேன். நீர் இருந்தபோதே சொல்லியிருந்தால் அவள் உம் கழுத்தையும் திருப்பாமல் விட்டிருப்பாளோ என்றும் யோசித்தேன். பதில் தெரியவில்லை. இனியும் சொல்லமாட்டேன். உம் சிரிப்பு அவளிடம் இருக்கட்டும். பயத்தை நீர் என் ஒருவனிடம்தான் கொடுத்தீர். அடுத்த வாரம் என்னுடையதோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.