மனேஜரை அனுப்பச் சொன்னது நான்தான்

சூரிச்,
ஞாயிற்றுக்கிழமை, மே 24.

அன்பு மகன் சயனுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்கவில்லை. நீயும் மருமகள் யதுஷாப் பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கையால் கடிதம் எழுதி எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது. உன் அம்மா மேசையில் கடதாசியும் பேனாவும் முத்திரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். போனில் நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், எழுதினால் வெட்டித் திருத்தவாவது இடம் இருக்கும் என்கிறார்.

வீட்டுப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் போன கிழமை முழங்காலில் இரண்டாவது ஊசி போட்டார்கள், படி இறங்கும்போது முகம் சுருங்குகிறது, கேட்டால் நோவே இல்லை என்பார். உன் தங்கச்சி மதுஜா இரண்டு கிழமைக்கு ஒருமுறை பேர்ண் நகரத்தில் இருந்து வந்து, பிரிஜ்ஜைத் திறந்து, ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி எங்கள் இரண்டு பேருக்கும் பிரசங்கம் வைத்துவிட்டுப் போகிறாள், அவளைத் தாதி வேலைக்குப் படிக்க விட்டது எங்கள் பிழை. எங்கள் வீதியில் ட்ராம் தண்டவாளத்தைக் கிளறிப் போட்டிருக்கிறார்கள், சந்தியில் இருக்கும் தமிழ்க் கடைக்காரர் அந்தக் கிடங்குக்கு மேலால் பலகை போட்டு ஆட்களை உள்ளே எடுக்கிறார். நேற்று அவர் உன்னை விசாரித்தார், மகன் கனடாவில் பெரிய பொறுப்பில் எப்படி இருக்கிறார் என்று. தை மாதம் உனக்குப் பதினொரு பேரை மேற்பார்க்கும் வேலை கிடைத்தபோது அந்தக் கடைக்குள் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவன் நான்தானே. வேலையிடத்துக்குக்கூட வடை சுட்டுக்கொண்டு போனேன். நேற்று அவர் கேட்டபோது ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகன், உன் வேலை போனது எனக்குத் தெரியும்.

யதுஷாவைக் கோபிக்காதே. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் அம்மாவிடம்தான் சொல்லி அழுதிருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். அம்மா அதை ஆறு கிழமை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். போன ஞாயிறு நீ போன் எடுத்தபோது நான் வழக்கம்போலக் கையை ஆட்டி, வரமாட்டேன் என்று காட்டினேன் பார், அம்மா போனை வைத்த கையோடு எல்லாவற்றையும் என் தலையில் கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பொறுப்புக்கு மூன்று மாதம் பரீட்சைக் காலம் இருந்ததாம், மார்ச் முடிவில் உன்னைக் கூப்பிட்டு, எதிர்பார்த்த அளவுக்கு ஆட்களை நடத்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம், பழைய வேலையையும் திருப்பித் தரவில்லையாம். கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு முதலில் வந்த கவலை உன் வேலையைப் பற்றியது இல்லையடா. என் வாய்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நானும் நீயும் கதைத்த கதை எல்லாம் அந்த பேஸ்போலால் வந்ததுதான். அதற்கு முதல் எங்களுக்குள் மூன்று வசனம்தான் இருந்தது, சுகமோ, சாப்பிட்டியோ, இந்தா அம்மாவிட்டைக் குடுக்கிறன். உன் கலியாணத்துக்கு நாங்கள் ரொறன்ரோ வந்தபோது நீ என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த விளையாட்டில் தலையும் தெரியவில்லை காலும் தெரியவில்லை, ஓங்கி அடித்த பந்தைக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, செல்லாது என்கிறார்கள், அடிக்காமல் சும்மா நின்றவனைப் பார்த்து நடந்து போ என்கிறார்கள். நான் கேட்கக் கேட்க நீ மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்து சலிக்காமல் விளங்கப்படுத்தினாய். நீ பிறந்ததில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே இருப்பில் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்த பிறகு, மத்தியானச் சமையலுக்கும் பின்னேரச் சமையலுக்கும் நடுவில் எங்கள் ரெஸ்ரோறண்டில் விடுகிற சிம்மர்ஸ்டுண்ட ஓய்வு நேரத்தில், உடுப்பு மாற்றும் அறையில் இருந்து முந்தின நாள் ஆட்டத்தைப் போனில் பார்க்கத் தொடங்கினேன். யதுஷாவின் தமையன் பிருந்தன் உங்கள் அணிக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து என்னையும் அதில் சேர்த்தான். ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று முப்பத்து நாலு பேர், எல்லாம் மாமன் மச்சான் சகலன் முறை. கேள்வி கேட்கிற ஆளாக உள்ளே போன நான் ஆறு மாதத்தில் தீர்ப்புச் சொல்கிற ஆளாகிவிட்டேன்.

இந்த வருடம் சீசன் தொடங்கியதில் இருந்து அணிக்கு ஏழரைச் சனி. முதல் இருபது ஆட்டத்தில் ஆறு வெற்றி. முதலாளிமார் நல்ல பந்தெறிகாரரை வாங்காமல் விட்டதுதான் காரணம் என்று பிருந்தன் நின்றான், குளிர் விடுவதற்கு முதல் விளையாட விட்டதுதான் பிழை என்று ஒஸ்லோக்காரர் நின்றார், யாரை எப்போது இறக்குவது என்று தீர்மானிக்கிற மனேஜரை நான் பிடித்துக்கொண்டேன். கை களைத்தவனை ஏழாவது இன்னிங்ஸிலும் பந்தெறிய விட்டு அடிவாங்கியதை ஒரு கிழமை முழுக்கச் சொன்னேன். நீ ஒருவன்தான் அந்த மனிதருக்காகக் கதைத்தாய். ஒரு புதன்கிழமை உங்கள் மத்தியான ஆட்டத்துக்கு நீ பந்துக்குப் பந்து எழுதிக்கொண்டு இருந்தாய். வேலை நடுவில் போனைப் பார்த்த நான், என்னடா, கந்தோரிலை வேலை ஒண்டும் இல்லையோ, பதினொரு பேரையும் விட்டுட்டு மட்ச் பாக்கிறாய் என்று எழுதினேன். எல்லாரும் சிரிக்கிற முகம் போட்டார்கள். நீயும் ஒன்று போட்டாய். அன்றைக்கு நீ எங்கே இருந்து அதைப் பார்த்தாய் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்குதில்லை.

அடுத்த நாள் வாக்கெடுப்பு வைத்தவனும் நான்தான், மனேஜரை அனுப்பவேண்டுமா இல்லையா என்று. ஓம் என்று இருபத்தெட்டு, வேண்டாம் என்று ஒன்று, அந்த ஒன்று நீ. அப்போது நீ எழுதினாய், “அப்பா, நூற்றியறுபத்திரண்டு ஆட்டத்திலை இருபதுதானே முடிஞ்சிருக்கு. ஒருத்தனுக்குத் தன்ரை ஆக்களைப் பழகவே அவ்வளவு நாள் வேணும்.” நான் எழுதிப் பதில் சொல்லியிருக்கலாம், எழுத்தில் சூடு போதாது என்று குரலில் பதிந்து போட்டேன். “மூண்டு கிழமையிலை காட்டாதவன் மூண்டு வருசத்திலையும் காட்டமாட்டான். அவனை வைச்சிருந்தால் எங்களுக்குத்தான் வெக்கம், வீட்டை அனுப்புங்கோ.” கொஞ்ச நேரத்தில் ‘சயன் வெளியேறினார்’ என்று போனில் வந்தது. விளையாட்டுக் கதைக்கும் இவனுக்கு ரோசமோ என்று எனக்கு வந்தது கோபம். அவனாக வந்து கதைக்கட்டும் என்று நாலு ஞாயிறு உன் குரலை அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு இருந்தேன், அம்மா சிரித்தால் என்னத்துக்குச் சிரிக்கிறார் என்று காது கொடுத்தேன், ஆனால் போனை வாங்கவில்லை.

போன ஞாயிறு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அம்மா ஒன்று சொன்னார். “வெக்கம் எண்ட சொல்லை அவன் உங்கடை வாயாலை இது ரெண்டாந்தரம் கேக்கிறான்.” எனக்கு உடனே விளங்கியது, விளங்காத மாதிரி இருந்தேன். உனக்குப் பதினைந்து வயது, பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் படிக்கிற கிம்னாசியத்தில் எடுத்து, அரை வருடம் வைத்துப் பார்த்து, அரைப் புள்ளி குறைந்தது என்று வெளியே விட்டார்கள். இந்த நாட்டில் அது எத்தனையோ பிள்ளைகளுக்கு நடப்பதுதான், உன் வகுப்பில் மட்டும் நாலு சுவிஸ் பிள்ளைகள் அப்படி வெளியே போனார்கள். நான் இடம் கிடைத்ததை எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், இனி எந்த முகத்தோடு வெளியே போவது, வெட்கம் என்றேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நாலு மாதம் உன்னோடு கதைக்காமல் விட்டேன். நீ முன்னால் இருக்க, அவனைச் சாப்பிடச் சொல்லு என்று அம்மாவுக்குச் சொன்னேன். என் அப்பர் என்னோடு அப்படித்தான் இருந்தார், அடிக்காமல் பிள்ளையைத் திருத்துகிற வழி என்று நினைத்தேன், அடிக்கிறவர்களைவிட நான் நல்லவன் என்றுகூட நினைத்தேன். அந்த நாலு மாதத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. நான் பார்க்கவே இல்லை, பிறகு எப்படி ஞாபகம் வரும். இப்போது முப்பத்து நாலு வயதில் வேலை போனதை நீ என்னிடம் ஏன் மறைத்தாய் என்று நான் கேட்க முடியாது. அந்தப் பதிலை நானே உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

நான் செய்தது பெரிய பிழை, சயன், இரண்டு முறையும். அந்தக் குரல்பதிவை அழிக்கலாம் என்று பார்த்தேன், நாள் கடந்துவிட்டது, இனி எல்லாருடைய போனிலும் அப்படியே இருக்கும் என்று பிருந்தன் சொன்னான், ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வாக்கெடுப்பும் அங்கேதான் கிடக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், கை களைத்தவனை ஏழாவது இன்னிங்ஸில் விட்டது பிழைதான், அதை நீ வந்து என்னோடு நேரே சண்டை பிடி. ஆடியில் வரமுடியாது, வேலை கூடிப்போச்சு என்று அம்மாவுக்குச் சொன்னாயாம். வர மனம் இருந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் ஆறுதலாகப் பிறகு வாருங்கள், இந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம். கடைக்காரர் இனிக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன், வேறு வேலை தேடுகிறான் என்று. நேரத்துக்குச் சாப்பிடு, பகலில் திரைச்சீலையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருக்காதே, வேலை தேடும் கோபத்தை யதுஷாவில் காட்டாதே.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது. மாசி மாதம் எங்கள் சமையலறைக்குப் பொறுப்பாகப் புதுப் பெரியவர் வந்தார், உன்னைவிட வயது குறைந்தவர். நாலு கிழமை என் கையைப் பார்த்தார். பிறகு, குகநாதன், நீங்கள் இப்போது மெதுவாகிவிட்டீர்கள் என்று மரியாதையாகச் சொல்லி, பத்தொன்பது வருடம் நான் பச்சைக் காய்கறிச் சலாட்டுத் தட்டு அடுக்கிய மேசையில் இருந்து எடுத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் விட்டார். இந்த நாட்டுக்கு வந்த வருடம் நான் நின்ற வேலை அது. அவருக்கு முன்னால் சரி என்றேன். சீசன் தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையில் இருந்து உங்கள் மனேஜரைத் திட்டினேன். அம்மா இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் என் வெள்ளைச் சட்டையை மினுக்கி மடித்துத் தருகிறார், நான் அதைக் கொண்டுபோய் ஆணியில் கொழுவிவிட்டு பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொள்கிறேன், வரும்போது கசக்கிப் பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன். மூன்று மாதமாகப் போகிறது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் துணையாக, நிறைவாக இருக்கவேண்டும், கடவுள் உங்களைக் கைவிடமாட்டார். அம்மா வருவதற்குள் இதை ஒட்டிக் கீழே பெட்டியில் போடவேண்டும். மறக்காமல் ஒன்று மட்டும் எனக்கு எழுது, போனில் வேண்டாம், அம்மா கேட்டுவிடுவார். வேலை போன அன்றைக்கு நீ வீட்டுக்குப் போய் யதுஷாவுக்குச் சொன்னாய்தானே. என்ன சொல்லித் தொடங்கினாய், மகன்? எனக்கு அந்த முதல் வசனம் வரவில்லை.

உன் அப்பா,
இ. குகநாதன்